சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கும் கையேடு

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் 13 மணிநேரம் கரண்ட் போனது நினைவிருக்கும். ஹட்டனில் என்னிடம் பைதான் நிரல்மொழி படிக்கும் பிள்ளைகளின் மடிக்கணினிகளில் அன்று பெட்டரி இருந்தது, சிக்னல்தான் இல்லை. "தேடிப் பார்க்க முடியாது சேர்" என்று பாதிப் பேர் மூடி வைத்துவிட்டார்கள். தேட வேண்டியது அந்த மடிக்கணினிக்குள்ளேயே இருந்தது.

ஃபங்ஷன் என்பது பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு. அதன் உடலில் முதலாவதாக, மேற்கோள்குறிக்குள் விளக்கம் எழுதினால் பைதான் அதை ஃபங்ஷனோடு சேர்த்தே வைத்திருக்கும். டாக்ஸ்ட்ரிங் என்பது இதுதான். ஹெல்ப் என்று கேட்டால் எடுத்துக் காட்டும். அட்டவணைகளுக்கான பாண்டாஸ், எண் கணக்குக்கான நம்பை போன்ற பொதிகளை (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளை) நிறுவும்போதே விளக்கங்களும் கூடவே இறங்கிவிடும். பைதானோடு வரும் பைடாக் என்ற கருவி, அவற்றை இணையமே இல்லாமல் உலாவியில் பக்கங்களாகத் திறந்து தரும். புள்ளியியலுக்கான ஆர் மொழியில் விளக்கம் தனிக் கோப்பு. பொதியை நிறுவும்போது ஒரு தரவுத்தளமாகச் சேமிக்கப்பட்டு, கேட்கும்போது பக்கமாகிறது. அதிலுள்ள உதாரணங்களை அப்படியே ஓட்டிப் பார்க்கவும் முடியும்.

டேட்டா மிச்சமாவதை விடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. சென்ற தவணையில் ஒரு தங்கச்சி, எங்கோ பார்த்த பழைய உதாரணப்படி பாண்டாஸ் அட்டவணையில் வரிசை சேர்க்க 'அப்பெண்ட்' போட்டு இரண்டு நாள் தவித்தாள். 2023இல் வந்த 2.0 பதிப்பிலேயே அதை எடுத்துவிட்டார்கள். இப்போது 'கான்கட்' தான். அவளுடைய கணினியிலேயே கேட்டிருந்தால், நிறுவியிருந்த பதிப்புக்குரிய பதில் ஒரு நிமிடத்தில் கிடைத்திருக்கும். இணையத்தில் கண்ணில் படுவது எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று பல நேரம் தெரியாது.

சரி, நாம் எழுதும் பொதிகள்? தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து நிறுவையைப் பதிய ஒரு பொதி எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். எடை கிலோவிலா, சாக்கின் எடை கழித்ததா என்பதை டாக்ஸ்ட்ரிங்கில் எழுதாவிட்டால், அடுத்து வருபவர் ஊகித்துத்தான் கணக்குப் போடுவார். அந்த ஊகம் ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் போய் விழும். தமிழிலேயே எழுதுங்கள், பைதான் 3 அதை ஏற்கும். விண்டோஸின் கறுப்புத் திரையில் எழுத்து உடைந்து தெரிந்தால் பைடாக்கை உலாவியில் திறந்து பாருங்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை: பைதானை இரட்டை 'ஓ' (-OO) தெரிவோடு ஓட்டினால் டாக்ஸ்ட்ரிங் முழுவதும் நீக்கப்பட்டுவிடும். நிரலை ஒப்படைத்த இடத்தில் ஹெல்ப் வெறுமையாக வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.