ஷாப்ளி: சொல்லும் பொருளும்

ஷாப்ளி என்பது முதலில் ஓர் ஊர்ப்பெயர். பிரான்சின் பர்கண்டி வட்டாரத்து வடகோடியில், செரேன் ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர். அதைச் சுற்றிய சரிவுகளில் விளையும் வெள்ளை ஒயினுக்கும் அதே பெயர். ‘ஷாப்ளிஸ்’ என்று எழுதுவது எழுத்தைப் பார்த்து வந்த பிழை; கடைசி ‘ஸ்’ பிரெஞ்சுப் பேச்சில் ஒலிக்காது.

சட்டப்படி இதற்கு ஷார்டனே என்ற ஒரே திராட்சைதான். உள்ளூரில் அதற்குப் பழம்பெயர் போனுவா. 1114-இல் தொடங்கிய போந்தினி மடத்துச் சிஸ்டர்சியன் துறவிகள் இங்கே கொடி வளர்த்தார்கள். மண்தான் இதன் தனிச்சிறப்பு: சுண்ணாம்பும் களியும் கலந்த அந்த மண்ணில், கடலடியாக இருந்த காலத்துச் சின்னஞ்சிறு சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன. குளிர் மிகுந்த இடம் என்பதால் பழத்தில் புளிப்பு குறையாது. பெரும்பாலும் எஃகுத் தொட்டியில் நொதிக்க விடுவதால் ஓக் மரத்தின் வாசம் குறுக்கிடாது. வெளிர்மஞ்சளில் ஒரு பச்சைச் சாயல், பச்சை ஆப்பிளும் எலுமிச்சையும் போன்ற சுவை. சிக்கிமுக்கிக் கல்லை உரசினால் எழும் வாசம் அடிப்பதாகப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்வார்கள்.

1938-இல் பிரெஞ்சு அரசு இந்தப் பெயருக்கு எல்லை வகுத்துக் காப்புத் தந்தது. அமெரிக்காவிலோ கலிபோர்னியாவின் மலிவான வெள்ளை ஒயினெல்லாம் குடம்குடமாக ‘ஷாப்ளி’ என்று விற்றது. இளஞ்சிவப்பு ஷாப்ளிகூட வந்தது! 2006-இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்த உடன்பாடு புதிதாக அப்படிப் பெயர் வைப்பதைத் தடுத்தது. ஏற்கெனவே இருந்த முத்திரைகள் தப்பித்துக்கொண்டன. பழைய ஆங்கில அகராதிகளில் ‘ஏதோ ஒரு வெள்ளை ஒயின்’ என்ற பொருளைக் கண்டால் மூலம் இதுதான்.

இனி, தமிழில் என்ன சொல்வது? இடப்பெயரை மொழிபெயர்க்க முடியாது. ஷாப்ளி ஷாப்ளியாகவே இருக்கட்டும். சிக்கல், ஆங்கிலத்தில் இத்தகைய ஒயினுக்கு முன் சேர்க்கும் ‘டிரை’ (dry) என்ற அடைமொழியில். அதை ‘உலர் ஒயின்’ என்று பெயர்க்கிறார்கள். நீர்மப் பொருள் எப்படி உலரும்? பழத்தின் சர்க்கரை ஏறக்குறைய முழுதும் நொதித்துச் சாராயமாகிவிட்டது, இனிப்பு மிஞ்சவில்லை என்பதே பொருள். ‘துவர்ப்பு’ என்பாரும் உண்டு. அது சிவப்பு ஒயினுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. ‘இனிப்பற்ற’ என்றால் போதும்.

ஒயினுக்குத் ‘திராட்சரசம்’ விவிலியத் தமிழில் ஊன்றிய சொல். ஆனால் ரசம் என்றால் வெறும் சாறு. நொதித்தது அதில் தெரியவில்லை. ‘ஒயின்’ என்றே வைக்கலாம் என்றால், நம்மூர் ‘ஒயின் ஷாப்’ பிராந்தியைத்தான் நினைவூட்டுகிறது. எனக்குப் பிடித்தது ‘தேறல்’. தேறுதல் என்றால் தெளிதல். தெளிந்த மது தேறல். புறநானூற்று 56-ஆம் பாட்டில் யவனர் கலத்தில் வந்த ‘தண்கமழ் தேறல்’ உண்டு. மேற்கத்திய மதுவுக்கு நம் புலவரே வழங்கிய சொல் அது.

ஆகவே ஷாப்ளி: பிரெஞ்சு நாட்டு இனிப்பற்ற வெண்தேறல். புணர்ச்சி விதிப்படி ‘வெண்டேறல்’ என்றுதான் வரவேண்டும். வெண்டைக்காய் நினைவு வருகிறது என்பதால் பிரித்தே எழுதிவிட்டேன்.