அடியிறக்க ஆபரேஷன்: திருப்தி எதைப் பொறுத்தது?

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம் பெரியம்மாக்கள் பலர் அடியிறக்கத்தை, அதாவது கருப்பையோ மூத்திரப்பையோ மலக்குடலோ கீழிறங்கி யோனியில் பிதுங்குவதை, வருடக்கணக்கில் வெளியே சொல்வதில்லை. சாமான் பையோடு மேட்டுத் தெரு ஏறி வந்தால் சாயங்காலம் கீழே ஏதோ உருண்டையாக இடிக்கும். படுத்தால் உள்ளே போய்விடும். 'பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதே இல்லை.

கருப்பை, மூத்திரப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது இடுப்பின் அடித்தளத் தசைகளும் இணைப்புத் திசுக்களும்தான். பிரசவத்தில் அவை கிழியலாம், நீண்டு தளரலாம். தீராத இருமலும் மலச்சிக்கலும் மேலிருந்து அழுத்தும். பலருக்குத் தசைப் பயிற்சியோ, யோனிக்குள் வைக்கும் பெஸரி என்ற சிலிக்கோன் வளையமோ போதும்.

முற்றிய இறக்கத்துக்கு லேப்ராஸ்கோப்பி ஒரு வழி. வயிற்றில் சில சிறு துளைகள் போட்டு, கரியமில வாயுவால் உப்பவைத்து, உள்ளே ஒரு வலைப்பட்டையைப் பொருத்துவார்கள். அதன் ஒரு முனை யோனியின் முன்சுவரிலும் பின்சுவரிலும் தைக்கப்படும். மறுமுனை முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பில். 2019-ல் அமெரிக்காவில் விற்பனை நிறுத்தப்பட்டது இறக்கத்துக்காக யோனி வழியாக வைக்கும் வலை. அது வேறு, இது வேறு.

சரி, திருப்தி? பரிசோதனையில் கொஞ்சம் இறக்கம் மிச்சமிருந்தும் நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அந்த உருண்டை இடிப்பது நின்றதா என்பதுதான் அவர்களுக்குப் பெரிது. ஒருவருக்குப் பேரனைத் தூக்க வேண்டும். இன்னொருவருக்குக் காவடியன்று கோயிலில் நாள் முழுக்க நிற்க வேண்டும். அது முடிந்தால் திருப்தி. அதனால் டாக்டரின் அளவுகோலைவிட, நோயாளி முன்கூட்டியே சொன்ன ஆசையைக் கேட்டு எழுதிவைப்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

மனம் உடைவது பெரும்பாலும் எதிர்பாராத ஒன்றில். இறக்கம் சரியாகிவிட்டது, ஆனால் இருமினால் புதிதாகச் சிறுநீர் கசிகிறது. மூத்திரப்பை தொங்கியிருந்தபோது சிறுநீர்க்குழாய், மடங்கிய தோட்டக் குழாய்போல அடைபட்டிருந்தது. அந்தக் குழாயை மூடும் தசை பலவீனமாக இருப்பது அந்த அடைப்பால் வெளியே தெரியவில்லை. பையை மேலே தூக்கி மாட்டியதும் மடிப்பு நிமிர்ந்துவிட்டது. ஆபரேஷன் தப்பாகப் போனதென்று அர்த்தமில்லை. ஆனால் முன்பே யாரும் சொல்லாவிட்டால் அவருக்கு அப்படித்தான் தோன்றும்.

இதை ஓரளவு முன்பே பார்த்துவிடலாம். மூத்திரப்பை நிறைந்திருக்கும்போது, இறங்கியதை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்வார்கள். கசிந்தால், அதற்கான சிகிச்சையை அதே ஆபரேஷனில் சேர்ப்பதா, இல்லை அப்புறம் தேவைப்பட்டால் செய்வதா என்று அவரும் டாக்டரும் பேசி முடிவெடுக்கலாம்.