மீச்சிறு பொது மடங்கு: சொல்லும் கணக்கும்

கொடுத்த எண்கள் எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண், வகுப்பறையில் ‘எல்.சி.எம்.’ என்றே புழங்கும். அதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தரும் பெயர் மீச்சிறு பொது மடங்கு. இலங்கையில் பொது மடங்குகளுட் சிறியது, சுருக்கமாகப் பொ.ம.சி.

‘மீ’ என்றால் மேல். அதிலிருந்து உச்சம், மிகுதி. மீச்சிறு என்றால் மிக மிகச் சிறியது. மீ முன் வல்லினம் மீகண் போல இயல்பாகவும் வரும், மீக்கோள் போல மிகுந்தும் வரும் என்கிறது நன்னூல். நம் கலைச்சொல் மிகுந்தே வழங்குவதால் ‘ச்’ போட்டுத்தான் எழுத வேண்டும். ‘மடங்கு’ மடங்குதல் என்ற வினையிலிருந்து வந்தது. இருமடங்கு, மும்மடங்கு என்று நாள்தோறும் சொல்வதும் இதே சொல்தான்.

சுருக்கத்தில் ஒரு சிக்கல். மீ.பொ.ம. என்று எழுதினால் பக்கத்திலேயே மீ.பொ.வ., அதாவது மீப்பெரு பொது வகுத்தி (மிகப் பெரிய பொதுக் காரணி), நிற்கும். முன்னதில் மீ என்பது மீச்சிறு, பின்னதில் மீப்பெரு. தேர்வு அவசரத்தில் மாணவர் மாற்றிப் போடுவது இங்கேதான். மீ.சி.ம. என்று எழுதுவதே நல்லது.

மடங்கு எதுவென்று தெளிந்தால் பாதிப் பிழை போய்விடும். 12இன் காரணிகள் 12ஐத் தாண்டாது. மடங்குகள் 12, 24, 36 என்று முடிவின்றிப் போகும். ஆகவே மீ.சி.ம. கொடுத்த எண்களில் பெரியதைவிடக் குறையவே முடியாது. 12, 18, 40க்கு விடை 2 என்று வந்தால், கண்டது பொதுக் காரணி. 0 எல்லா எண்ணுக்கும் மடங்குதான், ஆனால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த மூன்று எண்களையே பார்ப்போம். 12 = 2×2×3; 18 = 2×3×3; 40 = 2×2×2×5. ஒவ்வொரு பகா எண்ணும் எந்த எண்ணில் அதிகம் வருகிறதோ அத்தனை முறை எடுக்க வேண்டும்: மூன்று 2, இரண்டு 3, ஒரு 5. பெருக்கினால் 360. மூன்றிலும் உள்ள 2களை எல்லாம் திரட்டினால் ஆறு வரும். 3, 5ஐயும் அப்படியே திரட்டினால் 8640, அதாவது மூன்று எண்களின் வெறும் பெருக்கல்.

வகுத்தல் முறையில் இரண்டு இடங்கள் இடறும். 2ஆல் ஒருமுறை வகுத்தால் 6, 9, 20. மூன்றுக்கும் பொதுவாக இனி எதுவும் இல்லை என்று நிறுத்தி 2×6×9×20 பெருக்கினால் 2160 வரும், ஆறு மடங்கு கூடுதல். இரண்டு எண்கள் வகுபட்டாலே தொடர வேண்டும். வகுபடாததை அப்படியே கீழே இறக்க வேண்டும். இன்னொன்று, பகா எண்ணால் மட்டுமே வகுக்க வேண்டும் என்பதை மறப்பது. எடுத்தவுடன் 6ஆல் வகுத்தால் 2, 3, 40, பிறகு 2ஆல் 1, 3, 20, விடை 720. நாற்பதுக்குள் இருந்த 2 தப்பிவிட்டதுதான் காரணம்.

பெருக்கற்பலனை மீப்பெரு பொது வகுத்தியால் வகுக்கும் குறுக்குவழி இரண்டு எண்களுக்கு மட்டுமே செல்லும். 8640ஐ 2ஆல் வகுத்தால் 4320, தவறு. இரண்டிரண்டாகப் போகலாம்: 12, 18க்கு 216÷6 = 36; பின் 36, 40க்கு 1440÷4 = 360. பண்டைக் கிரேக்கக் கணிதர் யூக்ளிட் தம் ‘எலிமெண்ட்ஸ்’ ஏழாம் நூலில் மூன்று எண்களுக்குச் சொல்வதும் இப்படி இரண்டிரண்டாகப் போகும் வழிதான்.

இதன் பயன் அதிகம் தெரிவது பின்னக் கூட்டலில். தமிழ்ப் பின்னப் பெயர் ஒன்றே அந்தக் கூட்டலாக நிற்கிறது. மா 1/20, காணி 1/80. 20, 80இன் மீ.சி.ம. 80; 4/80 + 1/80 = 5/80, சுருக்கினால் 1/16. அதன் பெயர் மாகாணி. இவற்றுக்கும் கீழே முந்திரி, 1/320. கால், அரைக்கால், மாகாணி, மா, காணி எல்லாமே முழு முந்திரிகளாகப் பிரியும்: 80, 40, 20, 16, 4. ஆனால் இந்த ஐந்து பின்னங்களின் கீழ் எண்களுக்கும் (4, 8, 16, 20, 80) 320 பொது மடங்கு மட்டுமே. மீச்சிறு 80தான், காணியிலேயே எண்ணினால் போதும்: 20, 10, 5, 4, 1.