மழைத்துளி கிளப்பும் மண் கிருமிகள்

மழை பெய்தால் தூசி அடங்கும், காற்று சுத்தமாகும் என்று நம்புகிறோம். பெருமளவு உண்மைதான். ஆனால் வறண்ட தரையில் விழும் முதல் துளிகள், மண்ணில் இருப்பவற்றைக் காற்றில் ஏற்றியும் விடுகின்றன. மண்வாசனை நம் மூக்கை எட்டுவதே அதற்குச் சாட்சி. ஸ்ட்ரெப்டோமைசிஸ் முதலான மண் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருளுக்கு அந்த மணத்தில் பெரும் பங்கு உண்டு. மணம் வரும் அதே வழியில் கிருமியும் வரலாம்.

அந்த வழியை 2015-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கலன் பூயியும் யங்சூ ஜோங்கும் அதிவேகக் கேமராவில் பிடித்தார்கள். மண்ணில் மோதிய துளி தட்டையாகப் பரவுகிறது. மண்ணின் நுண்துளைகளில் இருந்த காற்று அதன் அடியில் சிக்கிக் குமிழிகளாகிறது. சோடாவில் எழுவதைப் போல அவை மேலே வந்து வெடிக்க, கண்ணுக்குத் தெரியாத திவலைகள் தெறிக்கின்றன. இத்தனையும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அடித்துப் பெய்யும் மழையைவிட, தூறலும் மிதமான மழையுமே இந்தத் திவலைகளை அதிகம் கிளப்புகின்றன என்பது என்னை வியக்க வைத்த முடிவு. துளி மிக வேகமாக மோதினால் குமிழி உருவாக அவகாசம் இருப்பதில்லை.

2017-இல் அதே குழு, தீங்கற்ற மண் பாக்டீரியாக்களைக் கலந்து சோதித்தது. திவலைகளில் ஏறிய பாக்டீரியாக்கள் ஒரு மணி நேரத்துக்கு மேலும் உயிரோடு இருந்தன. நிலத்திலிருந்து காற்றுக்குச் செல்லும் பாக்டீரியாக்களில் ஏறத்தாழ 1 முதல் 25 சதவீதம் வரை மழையால் கிளம்பியவையாக இருக்கலாம் என்பது அவர்களின் கணிப்பு.

காற்றில் ஏறிய எல்லாமே நுரையீரலின் அடிவரை போவதில்லை. 10 மைக்ரானைவிட (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிய துகள்களில் பெரும்பாலானவற்றை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். 5 மைக்ரானுக்கும் குறைந்தவையே காற்று நுண்ணறைகளை எட்டும். திவலையின் நீர் ஆவியாகச் சுருங்கும்போது, உள்ளிருக்கும் பாக்டீரியா அந்த அளவுக்குள் வந்துவிடுகிறது.

இப்படி மண்ணிலிருந்து மனிதரைத் தாக்கும் நோய்களில் கவலைக்குரியது மெலியாய்டோசிஸ். 1912-இல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற மருத்துவர்கள் முதன்முதலில் விவரித்த நோய் இது. காரணம் பர்க்ஹோல்டீரியா சூடோமல்லை என்ற பாக்டீரியா. தெற்காசியா, தென்கிழக்காசியா, வடக்கு ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளின் ஈரமண்ணில் அது வாழ்கிறது. கோடையில் மண்ணுக்குள் ஆழத்தில் கிடக்கும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயர, அதனுடன் மேலே வரும். அப்போது புயற்காற்று சேற்றுநீரைச் சாரலாக அள்ளி வீசினால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவின் டார்வின் பகுதியில், கடும் மழைக்கும் புயலுக்கும் பின் இந்நோயாளிகளில் நிமோனியாவுடன் வருபவர்களின் விகிதம் கூடுவதை மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். காயம் வழியாக நுழைவதே வழக்கமான பாதை என்றாலும், அந்நாட்களில் சுவாசப்பாதை முன்னுக்கு வருகிறது என்பதே இதற்கு அவர்கள் தரும் விளக்கம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவது மிக அரிது.

காற்றில் ஏறுவதற்கு மழைதான் வேண்டும் என்பதில்லை. தொட்டிச் செடிகளுக்கான உரமண் கலவையில் வாழும் லீஜியோனெல்லா லாங்பீச்சே என்ற நிமோனியா பாக்டீரியா, பையைப் பிரிக்கும்போது எழும் தூசியோடு நுரையீரலுக்குள் போகிறது. பையை முகத்தருகே வைத்துப் பிரிக்காமல், கலவையை மெல்ல நனைத்தபின் கிளறினால் ஆபத்து குறையும். மெலியாய்டோசிஸ் உள்ள பகுதிகளில் உயர் அழுத்தக் குழாயால் சேற்றைக் கழுவுபவர் முகக்கவசம் அணிவது நல்லது.

ஆரோக்கியமானவரிடம் மெலியாய்டோசிஸ் பெரும்பாலும் தலைகாட்டாமலே போய்விடும். சர்க்கரை நோய், சிறுநீரக நோய், மிதமிஞ்சிய மதுப்பழக்கம் உள்ளவர்களைத்தான் அது பெரும்பாலும் வீழ்த்துகிறது. மழைக்காலத்தில் அவர்களுக்குக் கடும் காய்ச்சலோடு இருமல் வந்தால், மண்ணிலும் சேற்றிலும் வேலை செய்ததை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். காசநோயாகத் தவறாகக் கணிக்கப்படும் நோய் இது. பென்சிலின், ஜென்டாமைசின் போன்ற பழகிய மருந்துகளுக்கும் பொதுவாக அடங்காது. செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனெம் ஊசியைக் குறைந்தது இரண்டு வாரங்கள் செலுத்தி, அதன்பின் மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை மாத்திரை தர வேண்டியிருக்கும்.