பழைய செடான் வாங்கப் போகிறீர்களா? முதலில் ரேடியேட்டரைப் பாருங்கள்

பத்து வருடத்துக்கு மேல் ஓடிய ஹோண்டா சிட்டி, வெர்னா, எஸ்எக்ஸ்4, டிசையர் போன்ற செடான்கள் (பின்னால் டிக்கி தனியாக நீண்டிருக்கும் கார்கள்) எல்லாம் சென்னையில் இப்போது இரண்டு லட்சத்திலிருந்து நாலு லட்சத்துக்குள் கிடைக்கிறது. பைக்கில் போய்க்கொண்டிருந்தவருக்கு ஆசை வருவது நியாயம்தான். விளம்பரத்தில் எல்லாமே "சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி". இந்த ஊர் டாக்டர்கள் எல்லாரும் செடானை விற்றுவிட்டு எதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களோ! போரூர் பக்கம் சின்னதாக ஒரு வொர்க்‌ஷாப் நடத்துகிறேன். வாங்கும் முன் வண்டியைக் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் குறைவு, வாங்கி ஒரு மாதம் கழித்து டோ பண்ணிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" மீட்டரைத் திருப்பி வைப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. நான் முதலில் பார்ப்பது இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலிங் சிஸ்டத்தை. ஓஎம்ஆர் சிக்னலில், மே மாத மதியத்தில், ஏசி போட்டு நிற்கிற வண்டிக்கு முன்னாலிருந்து காற்றே வராது. ஃபேனும், இன்ஜினிலிருந்து வரும் சுடுநீரை ஆற வைக்கும் ரேடியேட்டரும், அந்தத் தண்ணீரைச் சுற்ற விடும் வாட்டர் பம்பும்தான் இன்ஜினைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் பழைய வண்டியில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்தால் என்ன செய்கிறார்கள்? போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றிவிடுகிறார்கள். "நம்ம ஊர்ல பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. கூலன்ட்டின் வேலை உறையாமல் தடுப்பது மட்டும் இல்லை, அது கொதிநிலையை ஏற்றுகிறது, உள்ளே துருப்பிடிக்காமலும் பார்த்துக்கொள்கிறது. உப்புத் தண்ணீர் ஓடிய ரேடியேட்டரின் குழாய்கள் படிமம் கட்டி அடைத்துப்போகும், பம்ப்பின் இறக்கை அரித்துப்போகும்.

அப்புறம் ஹீட் ஆகும். சில மெக்கானிக்குகள் காரணத்தைத் தேடாமல் தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றி எறிவார்கள், ஃபேனை எப்போதும் சுற்றுவது போல டைரக்ட் கொடுத்துவிடுவார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சூடாக நேரம் எடுக்கும், கம்ப்யூட்டர் "இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது" என்று நினைத்து பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்கும், மைலேஜ் விழும். அடைப்பு அப்படியே உள்ளே இருக்கும்.

எனவே பார்க்கப் போகும் முன், "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று விற்பவரிடம் போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும், சூட்டில் திறந்தால் முகத்தில் கொதிநீர் அடிக்கும். உள்ளே துருச் சிவப்பாகத் தண்ணீர் இருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். ஆயில் மூடியின் உள்பக்கம் பால் விட்ட காபி மாதிரி பிசுபிசுப்பு அதிகமாக இருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கும்.

வெளி வொர்க்‌ஷாப் கணக்கில் ரேடியேட்டர் ஐந்திலிருந்து எட்டாயிரம், வாட்டர் பம்ப் லேபரோடு மூன்று நாலாயிரம். ஹெட்டை இறக்கி, லேத்தில் ஃபேஸிங் போட்டு (அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவி), கேஸ்கட் மாற்றினால் இருபதிலிருந்து முப்பத்தைந்தாயிரம். "வீடு பக்கத்துலதானே" என்று டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்ட பிறகும் ஓட்டினால் முழு இன்ஜின் வேலை, லட்சத்தை நெருங்கும். மாடலைப் பொறுத்து முன்பின் ஆகும்.

ஏசியை மதியத்தில்தான் சோதிக்க வேண்டும். கால் மணி நேரம் நிறுத்தி வைத்து ஓட விடுங்கள், கூலிங்கோடு டெம்பரேச்சர் முள்ளையும் பாருங்கள். "கேஸ் மட்டும்தான் சார் கம்மி" என்பார்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகாது, எங்கோ கசிந்தால்தான் குறையும். வெறும் கேஸ்தான் என்றால் இரண்டாயிரம் செலவு செய்து அவரே போட்டுவிட்டு விற்றிருப்பாரே! கசிவு கூலிங் காயிலில் என்றால் பல வண்டிகளில் டேஷ்போர்டையே இறக்க வேண்டும், பத்தாயிரம் போய்விடும். கம்ப்ரஸர் என்றால் இருபதாயிரத்துக்குக் குறையாது.

சஸ்பென்ஷனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, மெட்ரோவுக்குத் தோண்டிய ரோட்டில் ஒரு தடவை ஓட்டினாலே கடகடவென்று அதுவே சொல்லிவிடும். ஆர்ம் புஷ், லிங்க் ராட், ஷாக் அப்சார்பர் எல்லாம் முன்பக்கம் சேர்த்துப் பதினைந்து இருபதாயிரம். கிளட்ச் செட் பத்தாயிரத்துக்கு மேல். டயரின் பக்கவாட்டில் 2319 என்று இருந்தால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் தயாரானது, ரப்பருக்கு வயதாகிவிட்டதால் பட்டன் (ரோட்டில் படும் மேல்வரிகள்) எவ்வளவு இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

இன்ஜினின் வால்வுகளையும் பிஸ்டனையும் ஒரே கணக்கில் ஓட வைப்பது சிட்டியிலும் 1.3 டீசல் டிசையரிலும் டைமிங் செயின். ஃபியஸ்டா 1.4 டீசலில் அதற்குப் பதில் பெல்ட், கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இல்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள், அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடிக்கும். வென்டோ, ரேபிட்டில் வரும் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில், அதைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் போனால் பில் லட்சத்தைத் தாண்டலாம், மலிவாக வருகிறதே என்று எடுக்காதீர்கள். ஸ்பேர் விஷயத்தில், கதவு, கண்ணாடி, லைட் எல்லாம் பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழையது எடுக்கலாம். பிரேக், வாட்டர் பம்ப், பெல்ட் வேண்டவே வேண்டாம்.

வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கே போடாமல் நான் வேண்டாம் என்று சொல்வது வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நின்ற தண்ணீரில் எத்தனையோ கார்கள் மூழ்கின, பல சுத்தமாகப் பாலிஷ் போட்டு மறுபடி விற்பனைக்கு வந்தன. சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கறை தெரியும். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, சீட் ரெயில் போல்ட், கார்பெட்டின் அடி எல்லாவற்றையும் பாருங்கள். அளவுக்கு மீறி பெர்ஃப்யூம் வாசனை அடித்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். வயரிங்கில் தண்ணீர் போன வண்டி ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு புதுக் கோளாறு காட்டும்.

மூன்று லட்சம் வண்டிக்கு முதல் வருட வேலைக்கென்று ஐம்பது அறுபதாயிரம் தனியாக இருக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன், விற்பவருக்கோ புரோக்கருக்கோ தெரிந்தவராக இல்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள், ஆயிரம் இரண்டாயிரம் கேட்பார். அப்புறம் ஆர்சியில் தேதியைப் பாருங்கள். 2012 வண்டிக்கு 2027இல் பதினைந்து வருடம் முடிகிறது. எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), புதுப்பிக்கும் கட்டணம், பசுமை வரி எல்லாம் அப்போது உங்கள் தலையில், அதையும் விலை பேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காததற்கு இன்ஷூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுக்கு வராது, இன்ஷூரன்ஸை வண்டி கைமாறிய 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனுக் கொடுத்துவிடுங்கள்.