மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சர்வர் எவ்வளவு தின்கிறது?

கோவைப் பக்கம் பம்ப் செட் தயாரிக்கும் ஒரு நிறுவனம். கணக்கு, ஸ்டோர்ஸ், விற்பனை, சம்பளம் எல்லாம் ஒரே இ.ஆர்.பி. மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மென்பொருள் இருந்த சர்வர், அதாவது எல்லோருடைய கணினிக்கும் பொதுவான தாய்க் கணினி, மாடிப்படிக்கு அடியில், காலி அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில். ஒரு மார்ச் 27ஆம் தேதி காலை ஒன்பதே காலுக்கு எனக்கு போன் வந்தது. "சார், யாருக்குமே லாகின் ஆகலைங்க."

போய்ப் பார்த்தேன். நான்கு ஹார்டு டிஸ்க் போட்டு ரெய்டு 5 முறையில் அமைத்திருந்தார்கள். அதில் ஒரு டிஸ்க் செத்தாலும் வண்டி ஓடும். இரண்டாவதும் செத்தால் எல்லாம் போச்சு. அன்று காலை செத்தது இரண்டாவது. முதலாவது எப்போது போனது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அறையைக் கூட்டிப் பெருக்கும் அக்காதான் சொன்னார்: "அந்த ஆரஞ்சு லைட்டுங்களா? அது தீபாவளிக்கே எரிஞ்சுதுங்களே."

சரி, பேக்கப் இருக்குமே என்று பார்த்தால், அதுவும் இருந்தது. தினமும் இரவு ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஏறும். சனிக்கிழமை அக்கவுண்ட்ஸ் மேனேஜர் அதை டிபன் பாக்ஸோடு பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் திங்கட்கிழமை திருப்பிக் கொண்டுவருவார். ஆனால் மார்ச் 8ஆம் தேதியே அந்த டிஸ்க் நிரம்பிவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு இரவும் பேக்கப் பாதியில் நின்று, பிழைச் செய்தி எப்போதோ வேலையை விட்டு பெங்களூரு போய்விட்ட ஒரு தம்பியின் மெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆக, 19 நாள் பதிவுகள் இல்லை. நிதியாண்டு முடிய நான்கு நாள்.

வாசலில் லாரிகள் நின்றன. அரசு ஜி.எஸ்.டி. தளத்தில் பில்லைப் பதிந்து இ-இன்வாய்ஸ் எண் வாங்காமல், சரக்கு அனுப்ப இ-வே பில் எடுக்காமல் எதுவும் வெளியே போகாது. அவசர பில்களை மட்டும் எக்ஸெல் படிவத்தில் ஒவ்வொன்றாக நிரப்பி அரசுத் தளத்தில் ஏற்றினோம். தொலைந்த விற்பனை பில்களை ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற விற்பனைக் கணக்குப் படிவத்தில் தானாக ஏறியிருந்த விவரங்களை வைத்து மீட்க முடிந்தது. பாடாய்ப் படுத்தியவை ஸ்டோர்ஸ் சீட்டுகள். யார், எந்த ஆர்டருக்கு, எத்தனை காப்பர் காயில் எடுத்தார்கள் என்பதெல்லாம் எண்ணெய்க் கறை படிந்த காகிதத்தில் இருந்தது, சிலதில் அதுவும் இல்லை. ஆபீஸ் ஆட்கள் இரண்டு வாரம் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து தட்டினார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், கிளவுடுக்குப் போகலாமா, அதாவது பெரிய நிறுவனங்களின் டேட்டா சென்டரில் சர்வரை வாடகைக்கு எடுத்து இன்டர்நெட் வழியாகப் பயன்படுத்தலாமா என்று நான் பேச்சை எடுத்தபோது எம்.டி. கேட்டது இதுதான்: "ஏனுங்க, மாசா மாசம் வாடகை கட்டறதுக்கு, சொந்தமா புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டா அஞ்சு வருசத்துக்குக் கவலையில்லீங்களே?"

நியாயமான கேள்வி. இதற்கு "கிளவுட் மலிவு" என்று பதில் சொல்லும் ஆலோசகரை நான் நம்ப மாட்டேன். சர்வர் கொட்டேஷனைப் பக்கத்தில் வைத்து, மாத வாடகையை அறுபதால் பெருக்கிப் பார்த்தால் பெரும்பாலும் வாடகைதான் அதிகமாக வரும். அந்தக் கணக்கில் தப்பு எங்கே என்றால், வாடகைப் பக்கம் எல்லாச் செலவும் ஒரே பில்லில் வருகிறது. சொந்தப் பக்கம் சர்வரின் விலை மட்டும்தான் கண்ணில் படுகிறது.

மீதியைத் தேடி அக்கவுண்ட்ஸ் மேனேஜரோடு இரண்டு நாள் லெட்ஜரைப் புரட்டினேன். 400 வாட் இழுக்கும் சர்வர் நாள் முழுக்க ஓடினால் வருடத்துக்கு 3,504 யூனிட். அது தொழிற்சாலை மின்கட்டணத்தில் கரைந்துவிடுகிறது. அந்த அறைக்கு மட்டும் ஓடும் ஏ.சி. கட்டடப் பராமரிப்பில். யு.பி.எஸ். பேட்டரி 'எலக்ட்ரிக்கல்' என்ற தலைப்பில். சர்வரின் ஏ.எம்.சி. என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் ஒரு இடம், டேட்டாபேஸ் லைசென்ஸ் இன்னொரு இடம். டிஸ்க் மீட்கும் கடைக்குக் கொடுத்த பணம் 'இதர செலவுகள்'. இரண்டு வார ஓவர்டைம் சம்பளக் கணக்கில். லாரிக்குக் கொடுத்த காத்திருப்புக் கூலி போக்குவரத்தில். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டியதும் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை கூட்டினார்.

இந்தத் தாள்தான் முக்கியம். உங்கள் நிறுவனத்தில் இதைப் போடாமல் கிளவுட் விற்பவரோடு உட்காராதீர்கள். தாளைப் போட்ட பிறகு, சொந்த சர்வரே போதும் என்றுகூட முடிவு வரலாம். அதுவும் நல்ல முடிவுதான். அமெரிக்காவில் 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் 2022இல் மட்டும் கிளவுடுக்கு 32 லட்சம் டாலர் செலவழித்துவிட்டு, சொந்த சர்வர்களை வாங்கி வெளியே வந்தது. அவர்களுக்கு வேலைப்பளு எப்போதும் ஒரே அளவு, சர்வரைப் பார்த்துக்கொள்ளத் தேர்ந்த ஆட்கள் கையிலேயே இருந்தார்கள். நம் பம்ப் நிறுவனத்தில் இருந்தது, பெங்களூரு போனவருக்குப் பிறகு வந்த ஒரே ஒரு தம்பி. பிரிண்டர் மாட்டிக்கொண்டாலும் அவர்தான், சிசிடிவி தெரியவில்லை என்றாலும் அவர்தான். சர்வர் பாஸ்வேர்டு அவருடைய டைரியில். அவர் போன வருடம் வேலையை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு லெட்ஜரில் தலைப்பே கிடையாது.

சொந்தமாக வாங்கினால் ஐந்து வருடம் நிம்மதி என்பதும் பழைய காலத்துக் கதையாகி வருகிறது. அந்த சர்வரில் இருந்தது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2023 அக்டோபர் 10ஆம் தேதியோடு நின்றன. எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் பழைய இ.ஆர்.பி. மென்பொருளான இ.சி.சி. வைத்திருப்பவர்களுக்கு வழக்கமான பராமரிப்பு அதிகபட்சம் 2027 இறுதி வரைதான். ஒரே சர்வரைப் பல சர்வர்களாகப் பிரித்து ஓட்டும் மென்பொருளை விற்கும் வி.எம்.வேரை, பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் வாங்கியதும் நிரந்தர லைசென்ஸ் விற்பதை நிறுத்தி, சந்தாவுக்கு மாற்றிவிட்டது. பெட்டி சொந்தம், உள்ளே ஓடுவது வாடகை.

வரிச் சலுகையைக் காட்டி விற்பவர்களும் உண்டு. கணினிக்கு வருமான வரியில் 40 சதவீதத் தேய்மானம் கிடைக்கிறது. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்கும் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அந்த ஆண்டு அதில் பாதி. கிளவுட் வாடகை முழுசாக அந்த வருடச் செலவு. வித்தியாசம் சில வருடங்களில் சமனாகிவிடும். இதற்காக யாரும் மாற வேண்டாம்.

கடைசியில் மாறினார்கள். அதுவும் சுகமாக நடக்கவில்லை.

மென்பொருளை அப்படியே தூக்கி வாடகை சர்வரில் வைத்தால் போதும் என்றுதான் விற்பனையாளர் சொன்னார். பதிவுகள் எல்லாம் இருக்கும் டேட்டாபேஸ் மும்பையில் இருக்கும் வாடகை சர்வரில், மென்பொருளின் முகப்பு மட்டும் கோவையில் ஒவ்வொருவர் கணினியிலும். பழைய காலத்து மென்பொருள் ஒரு பில் திரையைத் திறக்க டேட்டாபேஸிடம் முந்நூறு தடவை கேள்வி கேட்கும். ஆபீஸுக்குள்ளேயே சர்வர் இருந்தவரை ஒரு கேள்விக்கு ஒரு மில்லிசெகண்ட் கூட ஆகாது, யாருக்கும் தெரியவில்லை. மும்பைக்குப் போய்வர 30 மில்லிசெகண்ட் என்றால் முந்நூறுக்கு 9 விநாடி. பில் போடும் பெண் முதல் நாளே என்னிடம், "சார், டீ குடிச்சுட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்குதுங்க" என்றார். முகப்பையும் மும்பைக்கே கொண்டுபோய், அங்கே ஓடும் திரையை இங்கிருந்து பார்க்கும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத் திறக்க வைத்த பிறகுதான் சரியானது. அதற்கு ஆளுக்கு ஒரு லைசென்ஸ். முதல் கொட்டேஷனில் அது இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் ஆபீஸிலிருந்தே, உங்கள் டேட்டாவோடு, ஒரு வாரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இன்டர்நெட் லைன் இரண்டு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இவர்களும் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம் வாங்கினார்கள். இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் தொங்கி வந்தன. குடிநீர்க் குழாய் பதிக்க வந்த ஜே.சி.பி. அந்தக் கம்பத்தைச் சாய்த்த அன்றுதான் அதைக் கண்டுபிடித்தோம்.

மூன்றாம் மாத பில்லைப் பார்த்து எம்.டி. என்னைக் கூப்பிட்டார். சோதனைக்காகப் போட்ட சர்வர் ஒன்று இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. மாதத்துக்குச் சுமார் 730 மணி நேரம். அதை யாராவது தொடுவது 26 நாள், நாளுக்கு 10 மணி நேரம், ஆக 260 மணி. நேரம் வைத்துத் தானாக அணையும்படி மாற்றியதும் அந்த சர்வரின் ஓட்ட வாடகை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. சொந்த சர்வரை இரவில் அணைத்தால் மின்சாரம்தான் மிச்சம். இங்கே அணைக்க மறந்தால் மீட்டர் ஓடும். ஆறு மாதம் பார்த்து, தேவை எவ்வளவு என்று தெரிந்த பிறகு, ஒரு வருட ஒப்பந்தம் போட்டுத் தள்ளுபடி வாங்கினோம். முதல் நாளே மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்பவரிடம் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை.

சட்டப் பக்கத்தை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். கம்பெனிக் கணக்குப் புத்தகங்கள் மின்வடிவில் இருந்தால், அவற்றின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் ஏற வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், யார் எப்போது எந்தப் பதிவைத் திருத்தினார் என்ற தடத்தை அணைக்க முடியாத கணக்கு மென்பொருளைத்தான் கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும். மும்பை, ஹைதராபாத், புனே, சென்னை என்று இந்தியாவிலேயே பெரிய கிளவுட் நிறுவனங்களின் மையங்கள் இருப்பதால், கிளவுடில் சர்வர் எடுத்துத் தாங்களே அமைத்துக்கொள்பவர்களுக்குச் சிக்கலில்லை. மாதச் சந்தா மென்பொருள் வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். டேட்டாவும் பேக்கப்பும் எந்த ஊரில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். என்னிடம் ஒரு விற்பனையாளர் "கிளவுடில் இருக்கிறது சார்" என்று மூன்று மெயிலில் பதில் சொன்னார். நான்காவதில் சிங்கப்பூர் என்று வந்தது.

அப்புறம், கிளவுடும் எங்கோ இருக்கும் ஒரு கட்டடம்தான். பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் ஓ.வி.ஹெச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று 2021 மார்ச்சில் எரிந்தே போனது. வேறு இடத்தில் பேக்கப் வைக்காத வாடிக்கையாளர்கள் டேட்டாவை இழந்தார்கள். 2025 ஜூலையில் இந்திய எண்ணெய் நிறுவனமான நயாரா எனர்ஜிக்கு, ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடையை ஒட்டி மைக்ரோசாஃப்ட் சேவைகள் நின்றுபோய், அவர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. பிறகு சேவை திரும்பியது. பம்ப் கம்பெனிக்கு யார் தடை போடப் போகிறார்கள் என்று சிரிக்கலாம். ஆனால் விற்பனையாளரோடு பணத் தகராறு வந்து லாகின் நின்றுபோனாலும் விளைவு ஒன்றுதான். அதனால் வெளியேறும் நாளில் டேட்டாவை எந்த வடிவத்தில், எத்தனை நாளில், என்ன கட்டணத்தில் தருவார்கள் என்ற ஒரு பக்கத்தை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னேன். விலை பேசியதைவிட அந்தப் பக்கத்துக்குத்தான் அதிக நாள் பிடித்தது.

எடைமேடையும் லேபிள் அச்சடிக்கும் மெஷினும் இன்னமும் தொழிற்சாலைக்குள்ளேயே ஒரு சின்னக் கணினியில்தான் ஓடுகின்றன. லைன் அறுந்தாலும் அவை நிற்கக் கூடாது என்பதால் அவற்றை நாங்கள் தொடவில்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, அக்கவுண்ட்ஸ் மேனேஜர் ஹைதராபாத்தில் இருக்கும் பேக்கப்பை ஒரு காலி சர்வரில் ஏற்றச் சொல்லி, தானே உள்ளே போய் முந்தின நாள் கடைசி பில் இருக்கிறதா என்று பார்க்கிறார். எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு நீல அட்டை நோட்டில் எழுதி வைக்கிறார். போன மாதம் 52 நிமிடம்.