பால் வற்ற மல்லிகைப்பூ: வேலூர் ஆய்வு சொன்னதும் சொல்லாததும்

பிறந்த குழந்தை தவறிப்போனாலும் தாய்க்குப் பால் சுரக்கத்தான் செய்யும். இரண்டு மூன்று நாளில் மார்பு கனத்து, பால் கட்டி, வலி தாங்காது. தென்னிந்தியப் பெண்கள் இதற்குச் செய்துவந்த கைவைத்தியம், மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது.

பால் ஏன் நிற்பதில்லை? நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மளமளவென்று குறைகிறது. அதுவரை அது அடக்கி வைத்திருந்த பால் சுரப்பு தொடங்குகிறது. சுரக்க வைப்பது மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் புரோலாக்டின் என்ற ஹார்மோன். மூளையில் சுரக்கும் டோபமின் என்ற வேதிப்பொருள் அதற்கு பிரேக் போல. குழந்தை சப்பும்போது பிரேக் தளர்கிறது, புரோலாக்டின் ஏறுகிறது. டோபமினைப் போலவே வேலை செய்து பாலை வற்றச் செய்யும் மாத்திரை புரோமோகிரிப்டின்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இந்த மாத்திரையையும் மல்லிகையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு, 1988இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரண்டிலுமே இரத்தத்தில் புரோலாக்டின் குறைந்தது. மாத்திரையில் அதிகமாகக் குறைந்தது. ஆனால் பால் கட்டுதல், பால் அளவு, வலி மாத்திரையின் தேவை என்று பார்த்தால் பூ பின்தங்கவில்லை. புரோமோகிரிப்டின் எடுத்தவர்களில் சிலருக்குப் பால் மறுபடி சுரந்தது.

உடனே பூ ஜெயித்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டாம். எதுவுமே செய்யாவிட்டாலும் பால் வற்றும். வெளியேறாமல் தேங்கும் பாலின் அழுத்தமும், பாலிலேயே உள்ள சில பொருட்களும் சுரப்பைக் குறைத்துவிடும். பூவையும் மாத்திரையையும் மட்டும் ஒப்பிட்டால், பூ செய்தது எவ்வளவு, உடம்பு தானாகச் செய்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பூவின் வேலை மணம் வழியாகவா, தோல் வழியாகவா என்பதும் தீர்ந்த விஷயமல்ல.

அதற்காக மாத்திரையும் அப்பாவி இல்லை. அரிதாக வலிப்பு, பக்கவாதம் வந்ததாகப் புகார்கள் எழ, 1990களின் நடுவில் அமெரிக்காவில் பால் வற்றச் செய்ய அதற்கு இருந்த அனுமதியே போய்விட்டது. பூவில் அந்தப் பயம் இல்லை. என்ன, கடைப்பூவில் மொட்டுப்புழுவுக்கு அடித்த மருந்து இருக்கலாம். வீட்டுச்செடிப் பூ என்றால் நல்லது.

துணியை இறுக்கிக் கட்டக் கூடாது; பால் நாளம் அடைத்துக்கொள்ளும். மார்பு சிவந்து, காய்ச்சலும் வந்தால் அது தொற்றாக இருக்கலாம். அப்போது பூவை எடுத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.